ஓரியூர்ச் செம்மண்ணும் ஒரு பெண்ணின் முறையீடும்

பிற சமயத்தார் புனிதமெனப் போற்றும் ஓர் ஊருக்கு முஸ்லிம் ஒருவர் போகலாமா என்னும் வினா எங்கள் தருமபுரிப் பகுதியில் புதிதன்று. பொம்மிடிக்கு அருகே பி. பள்ளிப்பட்டியில் லூர்து அன்னைக்கு ஆலயம் இருக்கிறது. கோவிலூரில் சவேரியாருக்கு ஆலயம் இருக்கிறது. திருவிழாக் காலத்தில் அவ்வூர்களுக்குச் செல்லும் பேருந்துகளில் ஏறுவோர் கத்தோலிக்கர் மட்டுமல்லர். வளையல் விற்பவர், பொரிகடலை விற்பவர், நோயுற்ற பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்ட தாய்மார் என்று பலரும் ஏறுகின்றனர். அத்தாய்மாருள் தலையில் முக்காடிட்டவர்களும் உண்டு என்பதை நாம் அறிவோம், அறிந்தும் பேசாதிருக்கிறோம். ஆண்டில் இரண்டு மூன்று முறையேனும் யாராவது ஒருவர் மதரஸாவுக்கு வந்து, "ஹஸ்ரத், போனால் குற்றமா?" என்று கேட்பது வழக்கம்.

இவ்வினாவில் சட்டத்தைச் சார்ந்த பகுதி சிறியது. அதை முதலிலேயே சொல்லி விடுகிறேன். நேர்ச்சை என்பது வணக்கம். வணக்கம் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஆகவே எந்த ஊரிலும், எந்த மனிதர் பெயராலும், அவர் நம்மவரே ஆயினும், நேர்ச்சை செய்ய நமக்கு இடமில்லை. தேவாலயத்தினுள் நுழைவதைப் பற்றி இமாம்கள் பலவாறு கூறியுள்ளனர். உருவங்கள் இருப்பதால் தாம் நுழைவதில்லை என்று உமர் (ரலி) அவர்கள் கூறியதாகவும், உருவங்கள் இல்லாத ஆலயத்தில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தொழுததாகவும் புகாரி இமாமின் நூலிலேயே காண்கிறோம். நஜ்ரான் நாட்டுக் கிறிஸ்தவர்கள் மதீனாவுக்கு வந்தபோது பெருமானார் (ஸல்) அவர்களின் பள்ளியிலேயே தம் முறைப்படி வணங்க விடப்பட்டனர் என்று இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். பார்க்கவும், அறியவும், அண்டை வீட்டாரோடு துணைக்குச் செல்லவும் ஓர் ஊருக்குப் போவது வேறு. வேண்டப் போவது வேறு. இவ்வேறுபாட்டைப் பாமரரும் நன்கு அறிவர். மௌலவிகளாகிய நாம்தாம் சில வேளைகளில் மறந்து விடுகிறோம்.

ஆனால் நான் எழுத விழைந்தது இதுவன்று. சென்ற ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஓரியூருக்குச் சென்று வந்தேன். அங்கே மனத்தில் தைத்த வினா, நுழையலாமா கூடாதா என்பதைவிடக் கடினமானது. ஒருவர் தாம் சத்தியமென நம்பியதற்காக உயிரையே கொடுக்கிறார். அதே சத்தியத்துக்காக, அதைக் கேட்டறியாத இன்னொருவரும் ஒரு விலை கொடுக்க நேர்கிறது. அந்த இரண்டாம் கணக்கை யார் எழுதுவது?

ஓரியூர் இராமநாதபுரம் மாவட்டம் திருவாடானை வட்டத்தில் உள்ள சிற்றூர். தொண்டிக் கரை அங்கிருந்து தொலைவன்று. போர்த்துகல் நாட்டில் 1647இல் லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்து, ஏசு சபையில் சேர்ந்து, 1673இல் இந்தியா வந்த ஜான் டி பிரிட்டோ என்பவர் இங்கேதான் வெட்டுண்டார். தமிழ்க் கத்தோலிக்கர் அவரை அருளானந்தர் என்பர். காவியுடுத்து, தலைப்பாகை கட்டி, புலால் நீக்கி, நம் நாட்டுத் துறவி போலவே அவர் வாழ்ந்தார். 1686இல் மறவர் சீமையில் பிடிபட்டு வதைக்கப்பட்டார். சேதுபதி அவரை நேரில் அழைத்துப் பேசி, இனி இங்கே போதிக்கலாகாது என்று சொல்லி விடுவித்தார். பிரிட்டோ தம் நாட்டுக்குச் சென்றார். போர்த்துகல் மன்னர் இரண்டாம் பேதுரு அவருடைய இளமைத் தோழர். அங்கேயே தங்கிவிடும்படி எவ்வளவோ வேண்டினார். தங்கவில்லை. 1690இல் மீண்டும் வந்து, விலக்கப்பட்ட அதே மண்ணில் போதித்தார்.

மறவர் தலைவருள் தடியத்தேவர் என்பவர் கடும் நோயுற்றிருந்தார். பிரிட்டோ அனுப்பிய உபதேசியார் ஒருவர் அருகிருந்து சுவிசேஷம் ஓதியபின் நோய் தணிந்தது. தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற விரும்பினார். அவருக்கு மனைவியர் ஐவர். ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நால்வரையும் விலக்கினாலன்றி ஞானஸ்நானம் இல்லை என்பது சபையின் விதி. அவ்வாறே செய்தார். விலக்கப்பட்ட நால்வருள் இளையவள் கடலாயி. சேதுபதியின் உறவுப்பெண் அவள். மாமன்னரிடம் சென்று முறையிட்டாள். 1693ஆம் ஆண்டு ஜனவரியில் பிரிட்டோ சிறைப்பட்டார். இராமநாதபுரத்தில் அவரைக் கொன்றால் கலகம் நேரும் என்று எண்ணிய சேதுபதி, ஊரறிய நாடுகடத்துவதாகச் சொல்லி, ஓரியூரில் இருந்த தம் சகோதரரிடம் அனுப்பி வைத்தார். பிப்ரவரி 4ஆம் நாள் அங்கே தலை துணிக்கப்பட்டது. அன்று அவர்களுடைய சாம்பல் புதன். நம் கணக்கில் ஹிஜ்ரி 1104. ரோமாபுரியில் அவர் 1853இல் அருளாளர் என்றும், 1947இல் புனிதர் என்றும் அறிவிக்கப்பட்டார்.

அவர் குருதி பட்டுச் சிவந்ததென்று நம்பப்படும் மணலைத்தான் மக்கள் இன்றும் அள்ளிச் செல்கின்றனர். செம்மண் புனிதர் என்றே அவருக்குப் பெயர்.

எங்கள் தெருவில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரும் அவர் துணைவியாரும் பேரப்பிள்ளைக்காக அங்கே செல்ல இருந்தனர். "சீதக்காதி காலத்து மண், ஹஸ்ரத். நீங்கள் பார்க்க வேண்டாமா?" என்று அவர் அழைத்தார். கிழக்கரை வரலாற்றில் எனக்குள்ள பற்று அவருக்குத் தெரியும். சேலம், திருச்சி, தேவகோட்டை, திருவாடானை என்று பேருந்து மாறி மாறிச் சென்றோம். வழியெல்லாம் அவர் கம்பராமாயணமும் தேம்பாவணியும் பேசினார். நான் சீறாப்புராணம் பேசினேன். அம்மையார் இருவரையும் பேசவிட்டு உறங்கிவிட்டார்.

ஓரியூரில் நான் கண்டவை எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பிள்ளைகளுக்கு முடியிறக்குகிறார்கள். ஆடு அறுத்து அங்கேயே சமைத்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் பரிமாறுகிறார்கள். பிள்ளை வரம் வேண்டுவோர் தென்னங்கன்று கொண்டு வருகிறார்கள். கத்தோலிக்கருக்கு நிகராக இந்துக்களும் வருகிறார்கள். அவர்களுள் மறவர் குடியினர் பலர்; எந்தக் குடியைச் சார்ந்தோர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அவரை வெட்டினரோ, அதே குடியினர். நாகூரிலும் ஏர்வாடியிலும் நான் இளமையிற் கண்ட கூட்டமும் இதுவும் ஒரே கூட்டம்தான். அங்கே அதை விரும்பாத மௌலவிகள் இருப்பது போல, இங்கேயும் ஆட்டையும் தென்னங்கன்றையும் கண்டு முகம் சுளிக்கும் குருமார் இருக்கக்கூடும். நோயும் மலடும் கடனும் சமயம் பார்த்து வருவதில்லையாதலால், ஜனங்களும் சமயம் பார்த்து அலைவதில்லை.

ளுஹர் நேரம் வந்தது. தமிழாசிரியர் தம் துண்டை உதறி ஒரு மரத்தடியில் விரித்துக் கொடுத்தார். தொழுது முடித்துத் திரும்பினேன். அம்மையார் ஒரு காகிதப் பொட்டலத்தில் சிவந்த மணலைக் கட்டி என்னிடம் நீட்டினார். "உங்கள் பேத்திக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது என்றீர்களே" என்றார். ஒரு கணம் தயங்கினேன். "அம்மா, இது உண்மைக்காக உயிர்விட்ட ஒருவர் விழுந்த மண். அதற்குரிய மரியாதை என் மனத்தில் இருக்கிறது. மண்ணிடம் கேட்பது எங்கள் வழியில் இல்லை. ஆனால் உங்கள் இரு கைகளிலும் பேரனும் பையும் இருப்பதால், சேலம் வரைக்கும் நான் சுமந்து வருகிறேன்" என்றேன். அவர் சிரித்தார். சேலம் வரை சுமந்து சென்று கொடுத்தேன்.

உண்மைக்காக உயிர்விட்டவர் என்று நான் சொன்னதைச் சில அன்பர்கள் ஏற்கமாட்டார்கள். அவர் நம்பியது திரியேகத்துவம் அன்றோ, அதை நாம் உண்மை என்பது எங்ஙனம் என்று கேட்பர். கேட்பது முறையே. அவர் கொண்ட கொள்கையை நான் ஏற்கவில்லை. ஏற்பதுபோல் பேசுவது அவருக்கும் அவமதிப்பு, எனக்கும் பொய். நான் சொல்வது அவருடைய வாய்மையை. தாம் உண்மை என்று கண்டதை, தலை போகும் வேளையிலும் மாற்றிச் சொல்லாத தன்மையை. தமிழ்க் கத்தோலிக்கர் இத்தகையோரை மறைசாட்சி என்பர். அவர்களுடைய ஐரோப்பிய மொழிச் சொல்லுக்கு மூலம் கிரேக்கம். அதன் பொருளும் சாட்சி என்பதே. நம் ஷஹீது என்னும் சொல்லின் வேரும் சாட்சியே. மூன்று மொழிகளும் கலந்து பேசாமலே ஒரே சொல்லுக்கு வந்து சேர்ந்தன என்று வியக்கத் தோன்றுகிறது.

இன்னும் ஒன்றுண்டு. அல்-புரூஜ் அத்தியாயத்தில் தீக்குண்டத்தாரைப் பற்றி இறைவன் பேசுகிறான். இறைவனை நம்பியதைத் தவிர வேறு குற்றமற்ற மக்களை நெருப்பிலிட்டவர்கள் மீது சாபம் உண்டாகிறது. அந்த நம்பிக்கையாளர்கள் நஜ்ரானில் ஏறத்தாழ 523ஆம் ஆண்டில் யூத மன்னன் தூ நுவாஸால் எரிக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் என்பது விரிவுரையாளர் பலரின் கருத்து. அவர்கள் தலைவர் ஹாரிஸ் என்னும் அரபியர். கத்தோலிக்கரும் அவரை அரேத்தாஸ் என்னும் பெயரில் புனிதராகக் கொண்டாடுகின்றனர். அதாவது, ஒரு சாராரின் புனிதர் பட்டியலில் உள்ளவர்களுக்காக நாம் தொழுகையில் ஓதுகிறோம்.

அந்த அத்தியாயத்தை ஒட்டி முஸ்லிம் இமாமின் நூலில் வரும் நீண்ட ஹதீஸை மதரஸாவில் எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு துறவி, அவரிடம் மறைவாகப் பாடம் கேட்கும் ஒரு சிறுவன், சிறுவனால் நலம் பெற்று நம்பிக்கை கொள்ளும் அரசவையினர் ஒருவர், அதைக் கேட்டுச் சினந்து துறவியை இரண்டாகப் பிளக்கும் மன்னன். ஓரியூர்ச் சரிதையைக் கேட்டபோது அந்த ஹதீஸின் வரிகள்தாம் என் செவியில் ஒலித்தன. நோய் தீர்ந்த பிரபு, போதித்த துறவி, வாளெடுத்த அரசன் எல்லாரும் இருக்கின்றனர். அத்துறவி ஏக இறைவனைப் போதித்தவர், இவர் அவ்வாறன்று என்னும் வேறுபாடு பெரிது, மறுக்கவில்லை. ஆனால் அரசனின் குற்றம் இரண்டிலும் ஒன்றே.

அந்த அரசன் யார்? இங்கேதான் தமிழ் முஸ்லிம்களாகிய நமக்குச் சற்றே சங்கடம். அவர் கிழவன் சேதுபதி. நம் வள்ளல் சீதக்காதியின் உற்ற நண்பர். விஜய ரகுநாதப் பெரியதம்பி மரைக்காயர் என்று தம் பட்டப்பெயரையே வள்ளலுக்குச் சூட்டி மகிழ்ந்தவர். போகலூரிலிருந்து தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றி அவர் கோட்டை கட்டியபோது வள்ளல் துணை நின்றார் என்பது வழிவழிச் செய்தி. சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்கள் கிழக்கரையில் வாழ்ந்து கற்பித்ததும், உமறுப் புலவர் சீறாவைத் தொடங்கியதும் அவர் ஆட்சிக் காலத்தில். நம் மேடைகளில் சமய நல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டு வேண்டும்போதெல்லாம் அவர் பெயர் வந்துவிடுகிறது. நானும் பேசியிருக்கிறேன்; இனியும் பேசுவேன். ஆனால் நம்மவரை அணைத்த அதே கை ஓரியூருக்கு ஓலை அனுப்பியது. நமக்கு நல்லவராயிருந்தார் என்பதற்காக அதைச் சொல்லாமல் விடுவது, அந்நிஸா அத்தியாயத்தில் நமக்கு இடப்பட்ட கட்டளைக்கு மாறு. நமக்கே, நம் பெற்றோருக்கே, நம் உறவினருக்கே எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்கும்படி அல்லவா அங்கே சொல்லப்பட்டிருக்கிறது? நட்புக்கும் அது பொருந்தும்.

ஒரு குருவைக் கொன்று மற்றொரு சமயத்தாரைக் கொண்டாடிய அம்மன்னரைப் புரிந்துகொள்வது கடினமன்று. மரைக்காயர்கள் வாணிகம் கொண்டு வந்தார்கள், குடும்பத்துள் கைவைக்கவில்லை. தடியத்தேவரோ அரசுரிமைக்குப் போட்டியாகக் கூடியவர் என்று எழுதுகிறார்கள். அவருடைய மதமாற்றத்தை வெறும் மதமாற்றமாகச் சேதுபதி பார்த்திருக்க முடியாது. தடியத்தேவர் மேல் கைவைத்தால் போர் மூளும். அயல்நாட்டுத் துறவி மேல் கைவைத்தால் மூளாது. அரசியல் எப்போதும் துணையற்றவன் கழுத்தைத்தான் தேடும்.

அவ்வரசியலுக்கு ஒரு பெண்ணின் கண்ணீர் வாய்ப்பாகக் கிடைத்தது. கடலாயியைப் பற்றித்தான் நான் பெரிதும் சொல்ல விரும்புகிறேன்.

சரிதைகளில் அவளுக்கு நல்ல பெயர் இல்லை. பிரிட்டோவின் பெயரும் ஜான். யஹ்யா (அலை) அவர்களைக் கிறிஸ்தவர் ஜான் என்பர். முறையற்ற மணத்தைக் கண்டித்ததற்காக யஹ்யா நபியின் தலை கொய்யப்பட்டது என்பது அவர்கள் வேதம் கூறும் வரலாறு. ஆகவே பிரிட்டோவை இரண்டாம் யஹ்யா ஆக்கி, சேதுபதியை ஏரோது ஆக்கி, கடலாயியை அந்தத் தலையைக் கேட்ட பெண்ணாக்கிவிட்டார்கள். ஒப்பிடுவது எளிது. (யஹ்யா நபியின் தலை இருப்பதாகக் கருதப்படும் இடம் டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலினுள் உள்ளது. 2001ஆம் ஆண்டு மே மாதம் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் அங்கே வந்தார். பள்ளிவாசல் ஒன்றனுள் காலடி வைத்த முதல் போப்பாண்டவர் அவரே. நாம் ஓரியூர் போவதைக் குறை கூறும் அன்பர்கள் இதையும் நினைவிற் கொள்க.) ஆனால் இந்த ஒப்புமை அந்தப் பெண்ணுக்கு நீதி செய்யவில்லை. ஏரோதின் மனைவி முறைதவறி வந்தவள். கடலாயி தன் குலத்தின் வழக்கப்படி, தன் பெரியோர் கைபிடித்துக் கொடுக்க, முறையாக மணந்தவள். காலையில் மனைவியாக எழுந்தாள். மாலையில் மனைவியல்லள் என்றார்கள். அவள் பிழை என்ன? ஐந்தாமவளாகப் பிறந்ததா? கணவருக்கு நோய் தீர்ந்ததா?

அவளுக்குச் சோறும் வீடும் குறையாமற் கிடைத்தன என்றே வைத்துக்கொள்வோம். அந்நாளில் அவள் நிலை என்ன? அவள் வாழ்ந்த உலகத்தை அறிய ஒரு செய்தி போதும். 1710இல் கிழவன் சேதுபதி இறந்தபோது அவருடைய நாற்பத்தேழு மனைவியர் சிதையில் ஏற்றப்பட்டனர் என்று ஏசு சபையார் கடிதம் கூறுகிறது. கணவனோடு எரிவதே பெருமை என்று கற்பிக்கப்பட்ட குலத்தில், கணவன் உயிரோடிருக்க விலக்கப்பட்டவள் எங்கே முகம் காட்டுவாள்?

இதைக் கிறிஸ்தவர்களின் குறையாக எடுத்துக்காட்டி, நம் பெருமையைப் பேசுவது என் நோக்கமன்று. நம் வீட்டிலும் இதே கணக்கு இருக்கிறது. ஸகீஃப் குலத்தைச் சார்ந்த கைலான் இப்னு ஸலமா இஸ்லாத்தைத் தழுவியபோது அவருக்கு மனைவியர் பதின்மர். அவர்களும் அவரோடு இஸ்லாத்தில் இணைந்தனர். நால்வரைத் தேர்ந்து கொள்ளும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். எந்த நால்வர் என்பதில் இமாம்களிடையே பெரிய விவாதம் நடந்தது. மணந்த வரிசைப்படி முதல் நால்வரே நிற்பர் என்றார் இமாம் அபூஹனீஃபா. விரும்பிய நால்வரைத் தேரலாம் என்றார்கள் இமாம் ஷாஃபிஈ முதலியோர். வியப்பு என்னவெனில், ரோமாபுரியிலும் இதே விவாதம் இதே வடிவில் நடந்திருக்கிறது. பல மனைவியர் உள்ளவன் மதம் மாறினால் முதல் மனைவியே நிற்பாள் என்று 1537இல் மூன்றாம் பவுல் போப்பு விதித்தார். தன்னோடு ஞானஸ்நானம் பெறும் மனைவியை வைத்துக்கொள்ளலாம் என்று 1571இல் ஐந்தாம் பயஸ் போப்பு தளர்த்தினார். முதலாமவளா, விரும்பியவளா என்று இரு சமயத்து அறிஞர்களும் ஏடு ஏடாக எழுதியிருக்கிறார்கள். வைத்துக்கொள்ளப்படுபவளைப் பற்றியே எழுத்தெல்லாம். கைலான் வீட்டிலிருந்து வெளியே சென்ற அறுவரின் பெயரை ஹதீஸ் சொல்லவில்லை. கூடி வாழ்ந்தவளுக்கு மஹர் உண்டு, இத்தா உண்டு என்று ஃபிக்ஹு நூல்கள் அவர்களுக்குரியதை வரையறுத்தன. அது பெரிய காரியமே. ஆயினும் உரிமை கிடைத்ததால் துயர் இல்லாமற் போய்விடாது.

கைலானின் கதை அத்தோடு முடியவில்லை. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், தாம் இறக்கும் காலம் நெருங்கியதென எண்ணிய அவர், எஞ்சிய மனைவியரைத் தலாக் கூறிவிட்டுச் சொத்து முழுவதையும் புதல்வர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். மனைவியருக்கு வாரிசுரிமை போகாதிருக்க வேண்டும் என்பதே சூழ்ச்சி. செய்தி கலீஃபாவுக்கு எட்டியது. மனைவியரைத் திரும்ப அழைத்து, சொத்தையும் மீட்டாக வேண்டும். இல்லையேல் அப்பெண்களுக்குப் பங்கைத் தாமே வாங்கிக் கொடுத்து, அபூரிகாலின் கல்லறை போல் அவர் கல்லறையும் கல்லெறியப்படும்படி செய்வேன் என்று உமர் (ரலி) எச்சரித்தார்கள். கலீஃபாவின் சினத்தைக் கவனியுங்கள். சட்டம் அனுமதித்த தலாக்கைக் கொண்டே ஒருவன் பெண்ணின் வயிற்றில் அடிக்கும்போது, அவர்கள் சட்டத்தின் எழுத்தைப் பார்க்கவில்லை.

முறையிட்ட பெண் ஒருத்திக்கு நம் மறையில் ஓர் அத்தியாயமே உண்டு. கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) அவர்களைக் கணவர் அவ்ஸ் சினத்தில், என் தாயின் முதுகு போன்றவள் நீ என்று சொல்லிவிட்டார். அறியாமைக் கால அரபியரிடம் அவ்வாறு சொல்லப்பட்டவள் மனைவியும் அல்லள், விடுதலையானவளும் அல்லள். கவ்லா பெருமானாரிடம் சென்று வாதாடினார்கள். இளமையை அவருக்குக் கொடுத்தேன், பிள்ளைகளைப் பெற்றேன், முதுமையில் என்னைத் தள்ளலாமா என்று அழுதார்கள். அதே வீட்டின் மூலையில் இருந்த ஆயிஷா (ரலி) அவர்களுக்கே அச்சொற்களிற் சில கேட்கவில்லை. ஏழு வானங்களுக்கு அப்பாலிருந்து இறைவன் கேட்டான். முறையிட்டவளின் சொல்லைக் கேட்டுவிட்டதாகச் சொல்லித்தான் அல்-முஜாதலா அத்தியாயமே தொடங்குகிறது. பின்னாளில் கலீஃபா உமர் (ரலி) அவர்களை அம்மூதாட்டி தெருவில் நிறுத்தி நெடுநேரம் அறிவுரை கூறியபோது, உடன் வந்தவர்கள் பொறுமை இழந்தார்கள். கலீஃபா நின்று கேட்டார்கள். இறைவனே கேட்ட குரலைத் தாம் கேளாதிருப்பதா என்பது அவர்கள் வாதம்.

கடலாயியும் அவ்வாறே முறையிட்டவள்தான். அவள் முறையீட்டைக் கேட்ட அரசர் அவளுக்கு என்ன கொடுத்தார்? ஒரு துறவியின் தலையைக் கொடுத்தார். கணவரையோ வாழ்வையோ பெயரையோ கொடுக்கவில்லை. அவள் கேட்டது தலை என்று சரிதை எழுதுவோர் சொல்கின்றனர். நான் நம்பவில்லை. கேட்டது தன் வீடாகத்தான் இருக்க வேண்டும்.

பிரிட்டோ அவளைப் பற்றி நினைத்திருப்பாரா? தம் உயிரைத் துச்சமாக மதித்தவர், பிறர் வாழ்வையும் அதே தராசில் நிறுத்திவிடும் இடர் துறவிகளுக்கு எப்போதும் உண்டு. தன் உடைமையை விடுவது தியாகம். மற்றொருத்தியின் உடைமையை விடச் செய்வதற்கு அந்தப் பெயர் பொருந்துமா? அவர் சமயத்தில் ஒருவனுக்கு ஒருத்தி என்பது மாற்ற முடியாத விதி; அதை அவர் விட்டுக்கொடுத்திருந்தால் சாட்சியாகியிருக்க மாட்டார். இதை நான் உணர்கிறேன். ஆயினும் விதி மாறாதிருக்கும்போதே, அதன் கீழ் நசுங்குபவரைத் திரும்பிப் பார்க்கும் கண் வேண்டுமன்றோ? செம்மண்ணை அள்ளும்போது, அந்த மண்ணுக்கு வெளியே சிந்திய கண்ணீரையும் ஒரு கணம் நினைக்கலாகாதா? திரும்பும் வழியில் தமிழாசிரியரிடம் இதைக் கேட்டேன். நெடுநேரம் சன்னல் வழியே பார்த்திருந்துவிட்டு, "ஐம்பது வருஷமாக ஓரியூருக்கு வருகிறேன், ஹஸ்ரத். அந்தப் பெண்ணுக்காக ஒரு செபம் சொன்னதில்லை. அடுத்த முறை சொல்வேன்" என்றார்.

எனக்கு இந்த வினா வெறும் பழங்கதையாக நில்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், முப்பது வயதினர், கடைத்தெருவில் வியாபாரம் செய்கிறார். அண்மைக் காலத்தில் மார்க்கப்பற்று மிகுந்தது. ஐந்து வேளையும் பள்ளியில் காணலாம். வட்டிக் கடனை அடைத்து முடித்தார். பார்த்து மகிழ்ந்தேன். ஓரியூருக்குப் போவதற்குச் சில வாரங்கள் முன்பு என்னிடம் வந்தார். அவர் மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் உயிருக்குப் போராடினாராம். அவர் அம்மா அண்டை வீட்டாரோடு பள்ளிப்பட்டிக்குத் தூக்கிச் சென்று மெழுகுவத்தி ஏற்றினார்களாம். பிழைத்தார். அன்றுமுதல் அந்த அம்மா, தர்கா ஒன்றுக்கும் பள்ளிப்பட்டிக்கும் ஆண்டுக்கொரு முறை போய் வருகிறார்கள். மகன் எவ்வளவோ எடுத்துச் சொன்னார், கேட்கவில்லை. ஆகவே தாயின் வீட்டை விட்டு வெளியேறி, அவர் கைச் சோற்றையும் விட்டுவிட்டார்.

"நான் சொல்வது சத்தியமா இல்லையா, ஹஸ்ரத்?" என்று கேட்டார்.

"சத்தியம்தான் தம்பி. நேர்ச்சை அல்லாஹ்வுக்கு மட்டுமே. அம்மாவிடம் அதைச் சொல்லிக்கொண்டே இரு. ஆனால் உன் சத்தியத்துக்கு நீ என்ன கொடுத்தாய்? கொடுத்தது அம்மா அல்லவா?" என்றேன்.

அவருக்கு லுக்மான் அத்தியாயத்தை எடுத்துக் காட்டினேன். இணைவைக்கும்படி பெற்றோர் வற்புறுத்தினாலும் அதில் கீழ்ப்படியாதே. ஆயினும் இவ்வுலகில் அவர்களோடு நல்ல முறையில் கூடி வாழ் என்பதே அங்குள்ள கட்டளை. வற்புறுத்தும் பெற்றோருக்கே அவ்வாறெனில், பிள்ளை பிழைத்ததென்று மெழுகுவத்தி ஏற்றும் தாய்க்கு எவ்வளவு? அஸ்மா (ரலி) அவர்களின் தாயார் இணைவைப்பவராகவே மகளைக் காண மதீனா வந்தபோது, உறவைப் பேணும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்னதையும் நினைவூட்டினேன். அவர் மறுத்து ஏதும் சொல்லவில்லை. ஏற்கவும் இல்லை. கொள்கையில் தளர்வு காட்டினால் வீடு முழுதும் பழைய வழிக்கே போய்விடும் என்பது அவர் அச்சம். அந்த அச்சத்தை நான் சிறிதென்று சொல்லமாட்டேன். வெளியிலிருந்து பார்ப்போருக்குத்தான் அது பிடிவாதமாகத் தெரியும்.

ஓரியூரிலிருந்து வந்தபின் அவரை ஒருநாள் அழைத்துக் கடலாயியின் கதையைச் சொன்னேன். கைலான் வீட்டு அறுவரையும் கவ்லாவையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், "யோசிக்க அவகாசம் வேண்டும்" என்றார். அதற்குப் பின் இரண்டு மாதங்கள் ஆயின. அந்த அம்மா யாரிடமும் முறையிடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ முடிந்ததும் ஒரு சிறுவன் கையில் தூக்குச்சட்டி கொடுத்துக் கடைக்கு அனுப்புகிறார்கள். முன்பெல்லாம் அது மூடி திறக்காமலே திரும்பிப் போகும். சென்ற இரண்டு வாரமாகத் திரும்பவில்லை என்று அச்சிறுவன் சொல்கிறான். உண்டாரா, வேறு யாருக்கேனும் கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை.